காளானுக்கும் சாதி உண்டு

மனசு உடைஞ்சு போவதற்கும் இந்த உலகத்தில் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. நிலம் வேண்டும், சம்பளம் வேண்டும், வெள்ளைத்தோலோ பூணூலோ வேண்டும். இவை உள்ளவனுக்கு வந்தால் அது மனக்காயம். அவனுக்கு டாக்டர் உண்டு, மருந்து உண்டு, சுற்றி உட்கார்ந்து கேட்க நாலு பேர் உண்டு. இவை இல்லாதவனுக்கு வந்தால் அதற்குப் பெயர் குடிவெறி, திமிர், சோம்பேறித்தனம், கிறுக்கு. அவனுக்கு லத்தி உண்டு, லாக்கப் உண்டு, பாக்கெட் சாராயம் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வளர்ந்துவரும் ஒரு காளான் வைத்தியத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

ஓரிகன் எங்கே, விழுப்புரம் பக்கத்துச் சேரியில் பிறந்த நான் எங்கே என்று தோழர்கள் கேட்கலாம். எங்க பெரியம்மா மகன் அங்கே இருக்கிறார். போர்ட்லண்டுக்குப் பக்கத்தில் ஹில்ஸ்பரோ என்கிற ஊர். கம்ப்யூட்டர் சிப் செய்கிற கம்பெனியில் என்ஜினியர். விடுதிச் சோறு தின்று, உதவித்தொகையில் படித்துப் போனவர். 2023 கோடையில் தொடங்கி ஒரு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் அவர் சொன்னதும், அதைக் கேட்டு நான் தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

2020 நவம்பரில் ஓரிகன் மக்கள் ஓட்டுப்போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மெஷர் 109 என்று பெயர். சைலோசைபின் என்கிற வஸ்து உள்ள காளானை, 21 வயது நிறைந்தவர்கள், அரசு உரிமம் பெற்ற மையத்தில், உரிமம் பெற்ற துணையாளர் ஒருவர் பக்கத்தில் இருக்க, சாப்பிடலாம். டாக்டர் சீட்டு தேவையில்லை. நோய் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. ஒரு தடவைக்கு 50 மில்லிகிராம் சைலோசைபினுக்கு மேல் கூடாது. முதலில் ஆயத்தப் பேச்சு. இன்னொரு நாள் காளானைத் தின்றுவிட்டு ஆறு மணி நேரம்போல அங்கேயே படுத்திருப்பது. வேண்டுமானால் பிறகு வந்து பேசுவது. அமெரிக்க ஒன்றியச் சட்டப்படி இது இன்னமும் தடைசெய்யப்பட்ட போதைப்பொருள்தான். ஓரிகன் எல்லைக்குள், காசு கட்டி உரிமம் வாங்கிய சுவருக்குள் மட்டும், அது 'சேவை'.

இந்த வஸ்து மூளையில் செரடோனின் என்கிற ரசாயனம் போய் உட்காருகிற இடத்தில் தான் போய் உட்காருகிறது. காலம், இடம், 'நான்' என்கிற எல்லை எல்லாம் தளர்ந்துபோகிறது. பூட்டிவைத்த நினைவு மேலே வருகிறது. உயிருக்கே ஆபத்தான புற்றுநோய் வந்து ஒடுங்கிப்போயிருந்த 51 பேருக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கொடுத்துப் பார்த்து, பெரும்பாலானவர்களுக்குச் சாவுபயமும் சோர்வும் மாதக்கணக்கில் தணிந்திருந்ததாக 2016-ல் எழுதினார்கள். ஆகவே இதைப் பூராவும் பணக்காரக் கூத்து என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. வேலை செய்கிற மருந்தாக இருப்பதால்தான், அது யார் கைக்குப் போகிறது என்று கேட்கவேண்டியிருக்கிறது.

2023 நடுவில் யூஜீன் என்கிற ஊரில் முதல் மையம் திறந்தது. ஒரு வருஷத்துக்குள் மாநிலத்தில் மையங்கள் இருபதைத் தாண்டின. துணையாளர்கள் நூற்றுக்கணக்கில் உரிமம் வாங்கினார்கள். மையத்துக்கு உரிமக் கட்டணம் வருஷத்துக்கு 10,000 டாலர். துணையாளருக்கு 2,000 டாலர். அதற்குமுன் 120 மணி நேரப் பாடம், 40 மணி நேரக் களப்பயிற்சி, அதற்கும் காசு. இவ்வளவும் கடைசியில் யார் தலையில் விழும்? காளான் தின்ன வருகிறவர் தலையில்தான். ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில் டாலர். செலவு தாங்காமல் பின்னால் சில மையங்கள் மூடியதும் நடந்தது.

மையங்களைச் சுற்றி ஒரு சமூகமே முளைத்தது. அண்ணன் முதலில் போனது ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்த கூட்டத்துக்கு. அங்கே காளான் தரமாட்டார்கள். தின்றவர்களும் தின்ன நினைப்பவர்களும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். முதல் மாதம் ஒன்பது நாற்காலி. கிறிஸ்துமஸ் சமயத்தில் முப்பது. அடுத்த கோடைக்குள் வீடு போதாமல் ஒரு சர்ச் மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். மூச்சுப்பயிற்சிக்கு ஒரு நாள், யோகாவுக்கு ஒரு நாள், மேளம் அடிப்பதற்கு ஒரு நாள் என்று கிளைவிட்டது. வெல்னஸ், அதாவது சுகவாழ்வு.

மேளம் அடிக்கிற நாளில் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டாராம். தோல் கட்டிய வட்டமான மேளம், ஆளுக்கொன்று. "தட்டுங்க, உள்ளே இருக்கிற வலி வெளியே வரும்" என்று சொன்னார்களாம். "பாப்பா, எனக்கு அந்தச் சத்தம் ஆவல. கார்ல போய் உக்காந்துட்டேன்" என்றார்.

ஏன் ஆகவில்லை என்பதைச் சொல்கிறேன். எங்க பெரியப்பா பறையடிக்கிறவர். 1996-ல் ஊர்த்தெருவில் ஒரு பெரிய சாவு. அடிக்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த வருஷங்களில் நம்ம பையன்கள் பல சேரிகளில் எடுத்த முடிவுதான் அது. இழிதொழில் இனி செய்வதில்லை. மூன்றாம் நாள் ஊர்ப் பஞ்சாயத்தில் நிறுத்தினார்கள். பறையைக் கழுத்தில் மாட்டி அடிக்கச் சொன்னார்கள். அடிக்கவில்லை. இவர்கள் அடித்தார்கள், அவரை. ஒவ்வொருத்தர் காலாக விழவைத்தார்கள். பதினோரு வயசுப் பையனாக அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்தார்.

அதற்குப் பிறகு பெரியப்பா அதிகம் பேசவில்லை. ராத்திரி தூங்கவில்லை. நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். குடிக்க ஆரம்பித்தார். ஒன்பது வருஷம் குடித்தார். 'குடிய உடு, இல்லாட்டிப் பூடுவ' என்று டாக்டர் சொன்னார். தூக்கம் ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. எங்க வீட்டுச் சனங்களும் கேட்கவில்லை. 2005-ல் செத்தார். 'குடிச்சே செத்தான்' என்று ஊரும் சொன்னது, சேரியும் சொன்னது. இதே ராத்திரி, இதே நடுக்கம் ஒரு அமெரிக்க ராணுவ வீரனுக்கு வந்தால் அதற்கு நோய் என்று பெயர் இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, இப்போது காளானும் இருக்கிறது.

2023 நவம்பரில் அண்ணன் ஒரு மையத்தில் பணம் கட்டினார். 1,800 டாலர். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 1,50,000 ரூபாய். "ஏண்ணா, அழறதுக்கா ஒன்றரை லட்சம்?" என்றேன். "இருபத்தேழு வருஷமா அழ வரல பாப்பா. அதுக்குத்தான்" என்றார்.

அன்றைக்கு அழுதாராம். "அப்பாவப் பாத்தேன். கீழ கெடக்கல. நின்னுக்கிட்டு இருந்தாரு. போய்த் தூங்குடான்னாரு." அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் வந்தது. இதை நான் மறைக்கமாட்டேன். நம் வாதத்துக்கு வசதிப்படவில்லை என்பதற்காக ஒருவனுக்குக் கிடைத்த தூக்கத்தை இல்லையென்று சொல்வது நேர்மை ஆகாது.

ஆனால் வட்டத்தில் வந்து இதைச் சொல்லவேண்டும் என்கிறபோது சிக்கல் வந்தது. பன்னிரண்டு வருஷமாகச் சாதியை மறைத்து வேலை பார்க்கிறவர் அவர். தோளைத் தட்டிக்கொடுக்கிற சாக்கில் முதுகைத் தடவி, நூல் இருக்கிறதா என்று பார்த்த சக ஊழியர் அவருக்கு உண்டு. பக்கத்து மாநிலத்து ஸியாட்டில் நகரசபை 2023 பிப்ரவரியில், அமெரிக்காவில் முதல் நகரமாக, சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது என்றால், சாதி அங்கேயும் கப்பல் ஏறி, பிளேன் ஏறிப் போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த நம்பிக்கையில் அண்ணன் ஒருநாள் வட்டத்தில் வாயைத் திறந்தார். நான் தீண்டப்படாதவன் என்று சொல்லப்பட்ட சாதியில் பிறந்தவன், என் அப்பாவை என் கண் முன்னால் காலில் விழவைத்தார்கள் என்றார். எல்லோரும் நல்லவர்கள். கண் கலங்கினார்கள். ஒருவர், "அவர்களை மன்னித்துவிடு, அப்போதுதான் நீ விடுதலை ஆவாய்" என்றார். இன்னொருவர், "கர்மா" என்றார் (நம்ம சரக்கு நமக்கே திரும்பி வந்த கதை!). ஒரே ஒரு கறுப்பினப் பெண்மட்டும், "அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? யாராவது ஜெயிலுக்குப் போனார்களா?" என்று கேட்டாராம்.

ஒருத்தரும் போகவில்லை. அதில் ஒருவர் பின்னால் ஊராட்சித் தலைவரும் ஆனார்.

அந்த மண்டபத்தில் நாற்பது நாற்காலி போட்ட நாளிலும் கறுப்பினத்தவர் அவர் ஒருவர்தான் என்றார் அண்ணன். இது தற்செயலா? 1993 முதல் 2017 வரை நடந்த இந்த வகை மருந்துச் சோதனைகள் 18-ஐ எடுத்துப் பார்த்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. கலந்துகொண்ட 282 பேரில் 82 சதவீதம் வெள்ளையர்கள். கறுப்பினத்தவர் 3 சதவீதம்கூட இல்லை. அதுவும் ஓரிகன் எப்படிப்பட்ட மண்! கறுப்பர்கள் இங்கே குடியேறக்கூடாது என்று 1844-லேயே சட்டம் போட்ட இடம். 1857-ல் எழுதிய மாநில அரசியல் சட்டத்திலேயே அந்தத் தடை இருந்தது. 1926-ல்தான் நீக்கினார்கள். ஊர் வேறு சேரி வேறு என்று பிரித்துவைப்பதை நாம் மட்டும் கண்டுபிடிக்கவில்லை போலிருக்கிறது.

சரி, இந்தக் காளான் அறிவு யாருடையது? வெள்ளைக்காரர்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டெடுத்ததா? இல்லை. மெக்சிகோவின் வாஹாகா மலையில் ஹுவாட்லா என்கிற ஊரில் மரியா சபீனா என்று ஒரு பெண் இருந்தார். மசாட்டெக் பழங்குடி. எழுதப் படிக்கத் தெரியாது. சின்ன வயசில் ஆடு மேய்க்கப்போன இடத்தில், பசிக்குத்தான் தங்கச்சியோடு சேர்ந்து அந்தக் காளானைத் தின்றிருக்கிறார். பெரியவளாகி வைத்தியச்சி ஆனார். அவர்கள் அதைக் காளான் என்றுகூடச் சொல்வதில்லை. புனிதக் குழந்தைகள் என்பார்கள். நோயாளிக்காக ராத்திரி பூராவும் பாடி, நோயைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற சடங்கு அது. சுகவாழ்வுக்கு அல்ல, நோய்க்கு.

1955 ஜூன் மாதம் நியூயார்க்கிலிருந்து வாஸன் என்கிறவர் வந்தார். ஜே.பி. மார்கன் வங்கியின் துணைத்தலைவர். மகனைப் பற்றிக் கவலையாக இருக்கிறது என்று காரணம் சொல்லிச் சடங்கில் இடம்பிடித்தார். 1957 மே மாதம் 'லைஃப்' பத்திரிகையில் படங்களோடு கட்டுரை எழுதினார். பெயரை மாற்றித்தான் எழுதினார். ஆனாலும் கூட்டம் தேடிக் கண்டுபிடித்தது. 1958-ல் ஸ்விட்சர்லாந்தின் சான்டோஸ் கம்பெனியில் ஆல்பர்ட் ஹோஃப்மன் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். மாத்திரை ஆனது. 1962-ல் அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு மரியா சபீனாவிடமே வந்து கொடுத்துப் பார்த்தார்கள்! அறுபதுகளில் ஹிப்பிகள் சாரிசாரியாக வந்தார்கள். போலீஸ் வந்தது. ஊர் அவரைத்தான் குற்றம் சொன்னது. வீட்டைக் கொளுத்தினார்கள். அந்நியர்கள் வந்தபிறகு குழந்தைகள் சக்தி இழந்துவிட்டன என்று வருந்தினார் அவர். ஏழையாகவே 1985 நவம்பர் 22 அன்று செத்தார். ஓரிகன் சட்டத்தில் உரிமக் கட்டணம் மாநிலத்துக்குப் போகிறது. ஹுவாட்லாவுக்குப் போகவேண்டியது என்று எதுவும் இல்லை.

அதே 1985 நவம்பரில், அவர் சாவதற்கு எட்டு நாள் முன்னால்தான், இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் பட்டியலில் சைலோசைபினும் உண்டு. கொடைக்கானல் மலையிலும் இந்த வகைக் காளான் முளைக்கிறது. நம் பத்திரிகைகளில் அதற்குப் பெயர் 'போதைக் காளான்'. அதே வஸ்துதான். அங்கே சேவை, இங்கே வழக்கு.

இந்த இரட்டை நியாயம் நமக்குப் புதிதா? எம்.ஏ. தமிழ் படித்த பாவத்துக்குக் கொஞ்சம் பழசையும் சொல்கிறேன். ரிக் வேதத்தின் ஒன்பதாம் மண்டலம் முழுக்கச் சோமபானத்தின் புகழ்தான். தேவர்கள் குடித்தால் யாகம். அந்தச் சோமம் ஒருவகைச் சிவப்புக் காளான்தான் என்று 1968-ல் ஒரு புத்தகமே போட்டார் நம்ம வாஸன். அறிஞர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. அது கிடக்கட்டும். மனுநீதியின் ஐந்தாம் அத்தியாயத்தைப் பாருங்கள். பூண்டு, வெங்காயம் இவற்றோடு காளானும் இருபிறப்பாளர் தின்னக்கூடாதது. தெரிந்தே தின்றால் சாதி போய்விடும். மழைக்குப் புற்றோரத்தில் முளைத்ததைக் கொண்டுவந்து குழம்பு வைக்கிற நம்ம சனங்கள் அதனாலேயும் தீட்டு. (ஓரிகன் விதிகளிலும் காளானைச் சாணத்தில் வளர்க்கக்கூடாது என்றிருக்கிறது. சுகாதாரத்துக்காகத்தான். ஆனாலும் படித்தபோது எனக்கு மனுவின் ஞாபகம் வந்தது.) சங்கப் பாட்டிலோ காளான் வேறு இடத்தில் முளைக்கிறது. பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் போய்ச் சொல்கிறாரே, அந்தப் புறநானூற்று அடுப்பு. சமைத்தே பலநாள் ஆனதால் காளான் முளைத்துக் கிடக்கிற அடுப்பு. வகுப்பில் இதைப் புலவரின் கற்பனை வளம் என்று நடத்தினார்கள். பசியால் காளான் தின்ற மரியா சபீனாவுக்கு அந்த அடுப்பு யாரும் விளக்காமலே புரிந்திருக்கும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2020 நவம்பரில், மெஷர் 109-க்கு ஓட்டுப்போட்ட அதே நாளில், ஓரிகன் மக்கள் மெஷர் 110-க்கும் ஓட்டுப்போட்டார்கள். கொஞ்சமாகப் போதைப்பொருள் வைத்திருப்பவனை ஜெயிலில் போடாதே, அபராதத்தோடு விடு, சிகிச்சைக்கு வழிசெய் என்றது அது. 109-ஐவிடக் கூடுதல் ஆதரவோடு ஜெயித்தது. நடுத்தெருவில் கிடக்கிற, வீடில்லாத, ஊசி போட்டுக்கொள்கிற ஏழைக்கான சட்டம். என்ன ஆனது? சிகிச்சைக்கான ஏற்பாடு மெதுவாக வந்தது. ஃபென்டனில் என்கிற விஷம் வேகமாக வந்தது. போர்ட்லண்ட் தெருவில் போதையில் கிடப்பவர்களைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று கூச்சல் எழுந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் வைத்திருப்பது மறுபடி குற்றம். 180 நாள்வரை ஜெயில். காசு கட்டி, மெத்தையில் படுத்து, காளான் தின்பவனுக்கான சட்டம் மட்டும் பத்திரமாக இருந்தது. ஒரே நாளில் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒன்றைப் பால் ஊட்டி வளர்த்தார்கள், இன்னொன்றின் கழுத்தை நாலு வருஷத்தில் நெரித்தார்கள்.

2024 ஜூனில் அண்ணனின் வட்டம் ஓராண்டு நிறைவைக் கொண்டாடியது. மண்டபம் நிறைய ஆள், பழம், கேக், நன்றியுரை. அதே ஜூனில் நான் கள்ளக்குறிச்சியில் இருந்தேன். கருணாபுரத்தில் பாக்கெட் சாராயத்தில் மெத்தனால். உடம்புக்குள் போனால் அது எறும்புக்கடியில் இருக்கிற அதே ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண் நரம்பைத் தின்னும். 'கண்ணு தெரியலடி' என்று சொல்லிக்கொண்டே செத்திருக்கிறார்கள். 60 பேருக்கு மேல். கூலிக்காரர்கள். நம்ம ஆளுகள் நிறையப் பேர். அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவித்ததும், டீக்கடையிலும் டி.வி.யிலும் ஒரே பேச்சு: குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?

ஏன் குடித்தான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. போன வருஷம் ஒன்பது நாற்காலியில் தொடங்கி அங்கே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது ஒன்றுதான்: உனக்கு என்ன நடந்தது? கருணாபுரத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு நாற்காலிகூட இல்லை.

அதனால் நாமும் காளான் கேட்போமா? அது இல்லை என் பேச்சு. காளான் அண்ணனுக்குத் தூக்கம் கொடுத்தது. பெரியப்பாவை விழவைத்தவனின் மனசை அது தொடவில்லை. சாதி என்பது செங்கல் சுவர் அல்ல, மனசின் ஒரு நிலை என்று 1936-லேயே அம்பேத்கர் விளக்கினார். அப்படியானால் நோய் யாருடைய மனசில் இருக்கிறது? காலில் விழுந்தவன் மனசிலா, காலை நீட்டியவன் மனசிலா? முதுகைத் தடவி நூல் தேடுகிறவன் நலமாக இருப்பதாகவும், தடவப்பட்டவன் சிகிச்சைக்கு வரவேண்டியவன் என்றும் ஒரு வைத்தியம் சொல்லுமானால், அது எவ்வளவு நல்ல மருந்தானாலும் பாதி வைத்தியம்தான். மன்னிப்பு என்பது வழக்குக்கும் தண்டனைக்கும் பிறகு பேசவேண்டிய விஷயம். அந்தக் கறுப்பினப் பெண் கேட்டதுதான் முழு வைத்தியத்தின் முதல் கேள்வி.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வன்கொடுமை நடந்த சேரிக்கு உண்மையறியும் குழுவாகப் போகிறோம். உடைந்த கை, எரிந்த குடிசை, தூர்த்த கிணறு என்று பட்டியல் எடுக்கிறோம். அந்தப் பட்டியலில் இனித் தூங்காத கண்ணும் வரவேண்டும். சம்பவத்துக்கு ஒரு மாதம் கழித்து, ஒரு வருஷம் கழித்து, ஐந்து வருஷம் கழித்து மறுபடியும் போகவேண்டும். யார் பேச்சை நிறுத்திவிட்டார், யார் குடிக்கத் தொடங்கினார், எந்தப் பிள்ளை மேளச் சத்தம் கேட்டால் ஓடுகிறது என்று பெயரோடு எழுதவேண்டும். அந்த அறிக்கையைக் கலெக்டரிடம் கொடுக்கும்போது, இது காயம், இதற்கும் நிவாரணம் உண்டு, சிகிச்சை உண்டு, குற்றவாளி உண்டு என்று சொல்லிக் கொடுக்கவேண்டும். குடியை ஒழிப்போம் என்று கோஷம் போடுகிற தோழர்களும் அந்தப் பட்டியலை ஒருமுறை வாங்கிப் படித்துவிட்டுக் கோஷம் போடட்டும்.